இரும்பைப் பொன்னாக்கும் ஆட்டம்

மைன்கிராஃப்ட் கணினி விளையாட்டின் வேதியியல் பகுதியில் (2018) புரோட்டான், நியூட்ரான், எலெக்ட்ரான் எண்ணிக்கையைக் கொடுத்தால் 118 தனிமங்களும் கிடைக்கும். அதைப் பார்த்து, காலடிப்பேட்டை மாணவர் ஒருவர் அணுச்சேர்க்கைப் பட்டியல் ஒன்றைத் தாமே எழுதிக் கொணர்ந்தார். முயற்சி பாராட்டத்தக்கது.

இரண்டு கார்பன் சேர்ந்தால் மக்னீசியம்; 6+6=12. விண்மீன்களில் பெரும்பாலும் நியானும் ஹீலியமும், அல்லது சோடியமும் ஹைட்ரஜனுமே கிடைக்கும். கூட்டுத்தொகை அப்போதும் 12தான். எனவே மன்னிக்கலாம்.

மூன்று இரும்பும் ஒரு ஹைட்ரஜனும் தங்கமாம்! 78+1=79. அப்படியானால் இராயபுரத்துப் பழைய இரும்புக் கடைகளெல்லாம் நகைக்கடைகளே. நியூட்ரான்களை எண்ணிப் பாருங்கள்: இரும்பு-56இல் 30, மூன்றுக்கு 90. தங்கம்-197க்கோ 118 வேண்டும். மீதி 28 எங்கிருந்து வரும்? தவிர, இரும்புக்கு அப்பால் அணுச்சேர்க்கை ஆற்றலைத் தராது, விழுங்கும். 2017இல் பதிவான நியூட்ரான் விண்மீன் மோதல் போன்றவற்றில், நியூட்ரான்களைச் சரமாரியாக ஏற்ற கருக்களிலிருந்தே தங்கம் பிறக்கிறது.

பட்டியலில் ஆற்றலுக்கென ஒரு பத்தியே இல்லை. அதைச் சேர்த்து வரும்படி சொல்லியிருக்கிறேன்.