மூட்டத்துக்குள் ஒருவன்

பேய்க்கதை என்றதும் உதட்டைப் பிதுக்குகிற பழக்கம் நம்மிடையே இருக்கிறது. அதுவும் கணினி விளையாட்டுக்குள் நிகழ்கிற பேய்க்கதை என்றால் கேட்கவே வேண்டாம். நானும் பிதுக்கியவன்தான். இரண்டு வருஷங்களுக்கு முன் ஒரு கூட்டத்தில், இன்டர்நெட்டில் பெயரில்லாதவர்கள் எழுதிப் பரப்பும் அமானுஷ்யக் கதைகளெல்லாம் பன்னிரண்டு வயதுப் பையன்களின் அரிப்பு என்று சொன்னேன். அப்போது நான் அவற்றில் ஒன்றைக்கூடப் படித்திருக்கவில்லை. படிக்காமல் தீர்ப்புச் சொல்கிறவர்களைக் கண்டித்து நான் எழுதிய பக்கங்கள் கொஞ்சமல்ல. ஆகவே இதை எழுத வேண்டியதாகிறது.

நான் எடுத்துக்கொள்வது ஒரே ஒரு கதை. 2010 ஆகஸ்டில் வந்தது. அச்சில் ஒரு பக்கம்கூடத் தேறாது. மைன்கிராஃப்ட் என்ற விளையாட்டைப் பற்றியது. ஸ்வீடனைச் சேர்ந்த மார்க்கஸ் பெர்ஸன் 2009 மே மாதம் முதல் வெளியிடத் தொடங்கிய விளையாட்டு. 2014ல் மைக்ரோஸாஃப்ட் அதன் நிறுவனத்தை 250 கோடி டாலருக்கு வாங்கியது. அந்த வியாபாரத்தைப் பற்றி எனக்கு அக்கறையில்லை. 2010ல் அது முடிக்கப்படாத, ஓட்டையும் உடைசலுமான ஒரு பதிப்பு.

ஸாண்ட்பாக்ஸ் வகை என்கிறார்கள். குழந்தையை மணலில் இறக்கிவிட்ட மாதிரி. ஜெயிக்க ஒன்றுமில்லை, கதையில்லை. மண், கல், மரம், தண்ணீர் எல்லாம் கனசதுரங்கள். உடைக்கலாம், அடுக்கலாம், தோண்டலாம். இரவில் சில அசுரப் பிறவிகள் வரும். இவ்வளவுதான். ஆனால் விமர்சகன் கவனிக்க வேண்டிய விஷயம் வேறு. இந்த உலகத்தை யாரும் கட்டவில்லை. ஒரு எண்ணை விதையாக வைத்துக்கொண்டு, கணிதம் மலையையும் குகையையும் கடலையும் ஆடுகிறவன் நடக்க நடக்க அவன் எதிரே பிறப்பித்துக்கொண்டு போகிறது. அவன் நிற்கிற மேட்டில் அவனுக்கு முன் யாரும் நின்றதில்லை. விளையாட்டை எழுதியவனே அந்த மேட்டைப் பார்த்ததில்லை. சிருஷ்டித்தவனே பார்த்திராத சிருஷ்டிக்குள் தனியாக விடப்படுகிற அனுபவம் வேறெந்தக் கலைவடிவத்தில் இருக்கிறது என்று யோசித்துப் பார்க்கிறேன். எனக்குத் தோன்றவில்லை.

இனிக் கதை. சொல்கிறவன் ஒரு புது உலகத்தைத் தொடங்குகிறான். மரம் வெட்டுகிறான், வேலை மேஜை செய்கிறான். மூட்டத்துக்குள் ஏதோ அசைகிறது. அவனுடைய கணினி மந்தமானது என்பதால் பார்வை தூரத்தை மிகக் குறைத்து வைத்திருக்கிறான். கொஞ்ச தூரத்துக்கு அப்பால் எல்லாம் வெண்மூட்டம். பசு என்று நினைத்துத் தோலுக்காகத் துரத்துகிறான். பசு இல்லை. மனித உருவம், எல்லா ஆட்டக்காரர்களுக்கும் விளையாட்டே கொடுக்கிற அதே உருவம், கண்கள் மட்டும் வெறுமை. தலைக்கு மேல் பெயர் தெரியவில்லை. தனியாள் ஆட்டம்தானா என்று ஒருதரம் சரிபார்க்கிறான், தனியாள் ஆட்டம்தான். உருவம் அவனைப் பார்த்துவிட்டு மூட்டத்துக்குள் ஓடிவிடுகிறது. அதற்குப் பிறகு அவன் அந்த உலகில் காண்பவை மூன்று: பாறைக்குள் இரண்டுக்கு இரண்டு அளவில் வெட்டிய சுரங்கங்கள், கடலில் மணலாலான சின்னஞ்சிறு பிரமிடுகள், இலைகள் மட்டும் நீக்கப்பட்ட மரத்தோப்புகள்.

இந்தப் பாதிவரை நான் படித்தபோது, இதை எழுதியவன் யாராக இருந்தாலும் எழுதத் தெரிந்தவன் என்று தெரிந்துகொண்டேன். அந்தப் பசுவைப் பாருங்கள். பயம் வருவதற்கு முன் பேராசை வருகிறது. அந்த மந்தக் கணினியைப் பாருங்கள். மூட்டம் சூழலுக்காகத் தூவிய அலங்காரமில்லை. பார்வைக்கு அப்பாலுள்ள உலகத்தை வரைய இயந்திரத்துக்குச் சக்தி போதவில்லை, அந்த இயலாமையை மறைக்கத்தான் மூட்டம். ஏழை ஆட்டக்காரனுக்கு உலகம் சுருங்கியது, மூட்டம் நெருங்கியது. ஊடகத்தின் குறை எதுவோ அதுவே கதையின் நிலைக்களனாகிறது. உருவம், உள்ளடக்கம் என்று இருபது வருஷம் சண்டை போட்டோமே, இங்கே அந்தச் சண்டைக்கு இடமேயில்லை.

இதைவிட முக்கியமானது அந்த மூன்று தடயங்கள். பேய்க்கதைகளில் வழக்கமாக ஒழுங்கான உலகம் ஒன்று இருக்கும். பேய் வந்து அந்த ஒழுங்கைக் குலைக்கும். ஹென்றி ஜேம்ஸ் 1898ல் எழுதிய 'தி டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ'வில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வந்த பெண் கோபுரத்தின் மேல் தெரியாத மனிதன் ஒருவனைப் பார்க்கிறாள். அங்கே பயங்கரம் என்னவென்றால், ஒவ்வொருவருக்கும் இடம் வகுக்கப்பட்ட வீட்டில் இடமில்லாத ஒருவன் நிற்பது. இந்தக் கதையில் எல்லாம் தலைகீழ். உலகமே ஒழுங்கற்றது, மலை நினைத்தபடி மடிகிறது, குகை நினைத்தபடி கிளைக்கிறது. அதில் ஒரு நேர்கோடு, ஒரு சமமான பிரமிடு, இரண்டுக்கு இரண்டு என்ற ஒரு கணக்கு வந்தால் அதுவே பயங்கரம். ஒழுங்குதான் இங்கே ஆவி. கணிதம் செய்யாது, ஆகவே ஒரு கை செய்திருக்கிறது. என்னுடையதல்லாத ஒரு கை.

ஆனால் அது என்னுடையதல்லாத கைதானா? மறுபடி பாருங்கள். சுரங்கம் வெட்டுவது, மணலை அடுக்குவது, மரத்தில் கை வைப்பது: இவை பேயின் காரியங்களல்ல. ஆட்டக்காரன் முதல் நாளிலிருந்து செய்துவருகிற காரியங்கள். பேய்க்கு இருக்கும் உடலும் ஆட்டக்காரனின் உடல். தனக்குத் தனியாகக் கொடுக்கப்பட்ட உலகத்தில் அவன் தன்னையே, கண்ணைக் கழித்துவிட்டு, தூரத்தில் பார்க்கிறான். கதை இதைச் சொல்வதில்லை. இதைச் சொல்லாமலிருப்பதுதான் அதன் வெற்றி என்று நினைக்கிறேன்.

இரண்டாம் பாதியில் வெற்றி கைநழுவிவிடுகிறது. சொல்கிறவன் தான் பார்த்ததை மற்ற ஆட்டக்காரர்களிடம் விசாரிக்கிறான். அவன் எழுதியது ஐந்து நிமிஷத்தில் அழிக்கப்படுகிறது. ஹெரோப்ரைன் என்ற பெயரில் ஒருவன் நிறுத்தச் சொல்லி ஒற்றைச் சொல் அனுப்புகிறான். இதுவரை பரவாயில்லை. பிறகு இன்னொருவன் கடிதம் எழுதுகிறான், ரகசியப் பட்டியல் வருகிறது, கடைசியில் அந்தப் பெயர் விளையாட்டை உண்டாக்கியவரின் இறந்துபோன சகோதரனுடையது என்று தெரியவருகிறதாம். கல்லறைக்குள் கையை விட்டுக் காரணத்தை இழுத்துப் போட்டாகிவிட்டது. மூட்டத்தில் நின்றவன் யாராகவும் இருக்கலாம் என்ற இடத்திலிருந்து, இன்னாரின் தம்பி என்ற இடத்துக்கு இறங்கிவிட்டான். தவிர, உயிரோடு இருக்கிற ஒரு மனிதரின் குடும்பத்தில் இல்லாத சாவைக் கொண்டுபோய் வைப்பது எனக்கு ரசிக்கவில்லை. அப்படி ஒரு சகோதரர் தனக்கு இல்லை என்று பெர்ஸன் வெளிப்படையாகவே சொல்ல வேண்டிவந்தது.

அவருடைய நிறுவனத்தினர் பிறகு செய்ததுதான் சாதுர்யம். 2011ல் ஒரு புதுப் பதிப்பின் மாற்றப் பட்டியலில், சரிசெய்த பிழைகளோடு பிழையாக, ஹெரோப்ரைன் நீக்கப்பட்டான் என்று ஒரு வரி சேர்த்தார்கள். அடுத்தடுத்த பதிப்புகளிலும் அதே வரி வந்துகொண்டிருந்தது. எப்போதும் இருந்திராத ஒருவனை நீக்கிக்கொண்டே இருக்கிறார்கள். நீக்கும்போதெல்லாம் அவன் வந்துவிடுகிறான். கேலிதான். ஆனால் இரண்டாம் பாதியை எழுதிய பாவி அறியாததை இந்தக் கேலி அறிந்திருக்கிறது.

இதைத் தொடர்ந்து வந்தவற்றில் பலவற்றையும் பார்த்தேன், சில வாரங்கள் செலவழித்து. எங்கோ கிடைத்த பழைய உலகம், பட்டியலில் இல்லாத ஒரு பதிப்பு, ஆட்டத்தின் நடுவில் காணாமல் போன நண்பன் என்று வீடியோத் தொடர்களாக வருகின்றன. சிலவற்றில் ஆளில்லாத வீட்டின் முன் நெடுநேரம் ஒன்றும் நடக்காமல் இருக்கிறது. அந்த நிமிஷங்களுக்காக மன்னிக்கலாம். பெரும்பாலானவை சங்கேத எழுத்துகளை ஒளித்துவைத்து, பார்க்கிறவனை உட்கார்ந்து விடுவிக்கச் சொல்கின்றன. விடுவித்தால் ஒரு தேதி, ஒரு ஆய்வுக்கூடம், ஒரு சதி. புதிருக்கு விடை உண்டு. விடை கிடைத்ததும் அது செத்துவிடும். இந்தத் தொடர்களை எழுதுகிறவர்கள் பயத்தைக் கொடுக்கத் தொடங்கி, பாதியில் குமாஸ்தா வேலை கொடுத்து முடிக்கிறார்கள். வாசகனின் பங்கேற்பு என்று இதற்குச் சித்தாந்தம் வேறு.

யாரும் எழுதாத ஒன்றை இவற்றுக்கு எதிரே வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. பழைய பதிப்புகளில் மையத்திலிருந்து சுமார் 1 கோடியே 25 லட்சம் பிளாக் தூரம் போனால் நிலத்தை உண்டாக்கும் கணக்கு தாங்கமுடியாமல் உடைந்துவிடும். மலையும் சமவெளியும் நின்றுபோய், துளைகள் நிறைந்த பெருஞ்சுவர்கள் வானம்வரை எழும். ஃபார் லேண்ட்ஸ் என்று பெயர். ஒரு பிளாக் ஒரு மீட்டர் என்பது கணக்கு. பன்னிரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல். குர்ட் ஜே. மேக் என்ற அமெரிக்கர் 2011ல் அதை நோக்கி நடக்கத் தொடங்கினார், நடந்தபடி பேசிப் பதிவு செய்து. அதே 2011ல் வந்த ஒரு பதிப்பில் அந்தச் சுவர்கள் நீக்கப்பட்டுவிட்டன. அவர் பழைய பதிப்பிலேயே நடையைத் தொடர்ந்தார். இதில் பேய் இல்லை, கொலை இல்லை, சதி இல்லை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

மூட்டத்து உருவத்துக்கு வருகிறேன். அந்தக் கதையோடு ஒரு படம் வந்தது: மூட்டம், மரங்கள், தூரத்தில் அவன். 2021 ஜனவரியில், தங்கள் கணினிகளின் ஓய்வு நேரத்தைக் கொடுத்து உதவும் ஆர்வலர்களைக் கொண்ட மைன்கிராஃப்ட் அட் ஹோம் குழு, அந்தப் படத்தை வைத்துக்கொண்டு உலகத்தின் விதை எண்ணைக் கண்டுபிடித்தது. பழைய பதிப்பில் நிலத்தைப் பொறுத்தவரை மாறுபடக்கூடிய உலகங்கள் சுமார் 281 லட்சம் கோடி. அத்தனையிலிருந்து ஒன்று. உருவம் பொய். ஆனால் இடம் நிஜம். யார் வேண்டுமானாலும் போய் நிற்கலாம்.

நான் போய் நின்றேன். என் அக்கா மகன் பழைய பதிப்பைத் தேடி ஏற்பாடு செய்து கொடுத்தான். பார்வை தூரத்தைக் கடைசிப் படிக்குக் குறைத்துவிட்டு அரைமணி நேரம் அந்த மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் நேரவில்லை. புண்ணிய ஸ்தலத்தில் நிற்கிறவனின் அசட்டுத்தனம்தான் மிஞ்சியது. ஒரு கதையின் இடத்தைக் கண்டுபிடிப்பதால் கதைக்கு ஒன்றும் சேர்வதில்லை என்று குறிப்புப் புத்தகத்தில் எழுதி வைத்தேன்.

அதற்குச் சில நாள் கழித்து, முன்பு பழகுவதற்காகத் தொடங்கி விட்டுவிட்ட என் சொந்த உலகத்தைத் திறந்தேன். ஏழெட்டு மாதம் ஆகியிருக்கும். வீட்டுக்குப் பின்னால் மலையடிவாரத்தில் ஒரு சுரங்கம். நேராக, இரண்டு பிளாக் அகலத்தில், கீழ்நோக்கி. உள்ளே தீப்பந்தங்கள் எரிந்துகொண்டிருந்தன. இதை நான் வெட்டவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை. வயது அறுபதை நெருங்குகிறவன், வீட்டில் எல்லோரும் தூங்குகிற நேரத்தில், நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து விளக்கைப் போட்டேன். சிரித்துக்கொள்ளுங்கள்.

காலையில் அக்கா மகனைக் கூப்பிட்டுக் காட்டினேன், இரவு அவன் விளையாடினானா என்று கேட்டு.

"நான் தொடவே இல்லை மாமா. இது நீங்க வெட்டினதுதான். பாருங்க, பந்தமெல்லாம் இடது பக்கமாவே வச்சிருக்கு. வேற யாரும் அப்படி வைக்கமாட்டாங்க. எத்தனை தடவை சொன்னேன், திரும்பி வரும்போது குழப்பம் வரும்னு."

உண்மைதான். நான் இடதுபக்கம்தான் வைக்கிறேன், காரணமில்லாமல்.

இதற்கு முன்பும் எனக்கு ஒருதரம் இப்படி ஆகியிருக்கிறது. நின்றுபோன ஒரு பத்திரிகையின் பழைய இதழில் ஒரு கவிதையைப் படித்து, நன்றாக இருக்கிறதே என்று தோன்றி, யார் என்று கீழே பார்த்தால் என் பெயர். எழுதிய ஞாபகம் துளியும் இல்லை. அன்று சந்தோஷப்பட்டேனா பயந்தேனா என்று இன்றுவரை எனக்குத் தீர்மானமாகவில்லை. நூறு பேர் படிக்கிற பத்திரிகையில் முப்பது வருஷம் எழுதியவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

இந்தக் கட்டுரையைக் கையெழுத்துப் பிரதியில் படித்த நண்பர், எல்லாம் சரி, அந்த ஒரு பக்கக் கதையை இலக்கியம் என்கிறீர்களா இல்லையா, அதைச் சொல்லுங்கள் என்று மடக்கினார். முதல் பாதியை, என்றேன். அவருக்குத் திருப்தியில்லை. சுரங்கத்துக்குள் இறங்கிப் பார்த்தீர்களா என்று கேட்டார். பகலில் இறங்கினேன். நாற்பது படி போய் ஒரு சுவரில் முடிகிறது. ஏன் அங்கே நிறுத்தினேன் என்று தெரியவில்லை.