விசில் பிடிக்கும் வித்தை

திண்டுக்கல்லிலிருந்து பழனிக்கும் கொடைக்கானலுக்கும் போகும் டூரிஸ்ட் வேன்களில் பாட்டுக்குக் குறைவே இருக்காது. சில வண்டிகளில் பாட்டோடு ஒரு விசிலும் ஒட்டிக்கொள்ளும். ஆக்சிலேட்டரை மிதித்தால் ஏறும், விட்டால் இறங்கும். ஆல்டர்னேட்டரின் சத்தம் ஆம்ப்ளிஃபயர் வழியே கேட்கிறது.

கைதேர்ந்த ஆடியோ மெக்கானிக் எடுத்த எடுப்பில் எதையும் மாற்றச் சொல்ல மாட்டார். பாட்டு செட்டை அணைத்து, அதிலிருந்து வந்து ஆம்ப்பில் செருகிய ஆர்.சி.ஏ. ஒயரைக் கழற்றிவிட்டு, செட்டை மட்டும் மறுபடி போடுவார். விசில் நின்றால் கோளாறு செட்டிலோ அந்த ஒயரிலோ இருக்கிறது. நிற்காவிட்டால் ஆம்ப்பின் கரன்ட், எர்த் பக்கம் பார்க்க வேண்டும். பாதி வேலை அங்கேயே முடிந்தது.

அடுத்தது எர்த். போல்ட்டுக்கு அடியில் பெயின்ட் இருந்தால் இணைப்பு அரைகுறைதான். உப்புத்தாளால் தேய்த்து, தகடு பளிச்சென்று தெரிந்த பிறகே இறுக்குவார். பேட்டரி ஒயர் வண்டியின் ஒரு ஓரம், ஆர்.சி.ஏ. மறு ஓரம். இன்னும் 'உஸ்' என்ற இரைச்சல் இருந்தால், அளவுக்கு மீறித் திருகிய கெயினைக் குறைப்பார்.

ஃபில்டர் மாட்டியும் விசிலை அமுக்கலாம். ஆனால் காரணத்தைத் தேடிப் பிடிப்பதில்தான் தொழிலின் அழகு. உப்புத்தாளுக்கு ஆகும் செலவு சொற்பம். நாம் கூலி கொடுப்பது அந்தக் காதுக்கு.