சர்தாரைக் கைகாட்டித் தப்ப முடியுமா?

பலூசிஸ்தான் ஏன் பின்தங்கிக் கிடக்கிறது என்று இஸ்லாமாபாதில் யாரைக் கேட்டாலும் வருகிற பதில், சர்தார்கள். இந்த இனக்குழுத் தலைவர்கள் பள்ளிக்கூடம் வர விடவில்லை, சாலை போட விடவில்லை, வந்த பணத்தையும் விழுங்கிவிட்டார்கள். தளபதிகளும் அமைச்சர்களும் சொல்கிற இதையே லாகூரின் முற்போக்காளர்கள் சிலரும் சொல்கிறார்கள். பலூச் தேசியவாதிகளிடம் கேட்டால் எல்லாப் பழியும் பஞ்சாபின் மேல் விழும். இரண்டிலும் பாதி உண்மை உண்டு என்று சொல்லி ஒதுங்கிக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பாதிகள் ஒரே எடையா என்று பார்க்க வேண்டாமா?

சர்தார்கள்மீதான குற்றச்சாட்டு வெறும் சாக்கு அல்ல. மர்ரி இனக்குழுவின் தலைவர் கைர் பக்ஷ் மர்ரி தன் பகுதிக்குள் சாலை போடுவதையே எதிர்த்தவர்; சாலை வழியே பட்டாளம்தான் வரும் என்பது அவர் வாதம். புக்தி சர்தாரான அக்பர் புக்தி, எரிவாயு நிறுவனத்திடம் நிலவாடகை வாங்கிக்கொண்டு தன் எல்லைக்குள் சட்டமும் தானே என்று இருந்தவர். 2008இல் நசீராபாத் பக்கம் பெண்கள் உயிரோடு புதைக்கப்பட்ட செய்தி வெளிவந்தபோது, பலூசிஸ்தானிலிருந்து போன ஒரு செனட்டர் அவையிலேயே எழுந்து, இது எங்கள் நூற்றாண்டுகால மரபு என்றார். 2025இல் குவெட்டாவை அடுத்த பாலைவெளியில் ஓர் ஆணையும் பெண்ணையும் ஜிர்கா என்ற இனக்குழுப் பஞ்சாயத்தின் பெயரால் நிற்கவைத்துச் சுட்ட காணொளியை உலகமே பார்த்தது. பலூச் பாடல்களின் நாயகன் சாக்கர் ரிந்தின் வீரம், அடைக்கலம் என்று வந்தவனை உயிர்கொடுத்துக் காக்கும் மாயார் நெறி என்று பலூச் பண்பாட்டைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்தைத் திருப்பாமல் கடந்துவிடுகிறார்கள். அதே நெறிதான் பெண் என்று வரும்போது துப்பாக்கியைத் தூக்குகிறது.

ஆனால் இன்று நாம் பார்க்கிற சர்தார் எங்கிருந்து வந்தார்? 1666இல் உருவான கலாத் அரசில் சர்தார் பலமானவர்தான். என்றாலும் தன் ஆட்களின் ஒப்புதல் இல்லாமல் அவரால் நீடிக்க முடியாது. படைக்கு ஆள் தருவதும் வரி தருவதும் அவர்கள்தான். 1839இல் பிரிட்டிஷ் படை கலாத் கோட்டையைத் தாக்கி அதன் ஆட்சியாளர் மெஹ்ராப் கானைக் கொன்றது. 1876இல் பிரிட்டிஷ் அதிகாரி ராபர்ட் சாண்டிமன் செய்த ஏற்பாடு அதைவிட ஆழமாக வெட்டியது. கணவாய்களையும் தந்திக் கம்பியையும் காப்பதற்குச் சர்தாருக்கு மாதப் படி. அவருடைய ஆட்களுக்கு லெவீஸ் என்ற பெயரில் சம்பளம். வழக்குகளுக்கு அரசு முத்திரையோடு ஜிர்கா. அன்று முதல் சர்தாரின் சோறு கீழிருந்து வருவது நின்று மேலிருந்து வரத் தொடங்கியது. குடிகள் வெறுத்தாலும் அரசு தாங்கிப் பிடிக்கும் என்றால் குடிகளுக்கு அவர் ஏன் பயப்பட வேண்டும்? சாண்டிமன் 1892இல் லஸ் பேலாவில் இறந்தார். லெவீஸ் இறக்கவில்லை. சுதந்திரத்துக்குப் பிறகும் மாகாணத்தின் பெரும்பகுதி காவல்துறைக்கு உட்படாத ‘பி பகுதி’யாக, லெவீஸின் கையிலேயே பல பதிற்றாண்டுகள் இருந்தது. முஷாரஃப் காலத்தில் கலைக்கப்பட்ட அந்தப் படை 2010இல் சட்டம் போட்டே திரும்பக் கொண்டுவரப்பட்டது.

ஆகவே சர்தாரியைப் பழங்குடி மரபின் எச்சம் என்று மட்டும் சொல்வது வரலாற்றுப் பிழை. அது பாதி மரபு, பாதி அரசு வேலை.

இதை எதிர்த்து முதலில் குரல் கொடுத்ததும் பலூச்சுகள்தான். யூசுஃப் அசீஸ் மக்சி ஒரு நவாபின் மகன். 1930களின் தொடக்கத்தில் அவரும் அப்துல் அசீஸ் குர்தும் சேர்ந்து தொடங்கிய அரசியல், சர்தாரிக் கொடுமையை எதிர்த்தது, பள்ளிக்கூடம் கேட்டது. 1932 டிசம்பரில் யாகோபாபாதில் பலூச் மாநாடு கூடியது. 1935 மே மாதம் குவெட்டாவைத் தரைமட்டமாக்கிய நிலநடுக்கத்தில் மக்சி இளம் வயதிலேயே இறந்துபோனார். அவர் வழியில் உருவான கலாத் தேசியக் கட்சி 1939இல் மஸ்துங்கில் மாநாடு கூட்டியபோது சர்தார்களின் ஆயுத ஆட்கள் புகுந்து கலைத்தார்கள். தடை விழுந்ததோ அடிவாங்கிய கட்சியின் மேல்.

இதே கதை 1970களில் இன்னும் பெரிய அளவில் திரும்ப நடந்தது. அதன் முன்கதை இது: பாகிஸ்தானுடன் இணைவதைக் கலாத்தின் இரு அவைகளும் மறுத்திருந்தும் 1948 மார்ச் 27இல் அதன் ஆட்சியாளர் கான் அகமது யார் கையெழுத்திட்டார். பலூசிஸ்தானுக்குத் தனி மாகாணத் தகுதி கிடைக்க அதன்பின் 1970 ஜூலை வரை ஆயிற்று. 1972இல் முதல் தேர்தல் அரசு அமைந்தது. அதாவுல்லா மெங்கல் முதல்வர், கௌஸ் பக்ஷ் பிசெஞ்சோ ஆளுநர், கவிஞர் குல் கான் நசீர் கல்வி அமைச்சர். மாகாணத்தின் அலுவல் மொழியாக அந்த அமைச்சரவை எடுத்துக்கொண்டது பலூச்சியை அல்ல, உருதுவை. பிரிவினைவாதிகள் செய்கிற காரியமா அது? சர்தாரி முறையை ஒழிக்கும்படி மத்திய அரசைக் கேட்டுச் சட்டமன்றத்தில் தீர்மானமும் போட்டார்கள், முதல்வரே ஒரு சர்தாராக இருந்தும். ஓராண்டு நிறைவதற்குள், 1973 பிப்ரவரியில், பாகிஸ்தான் அதிபர் புட்டோ அந்த அரசைக் கலைத்தார். முதல்வரும் ஆளுநரும் கவிஞரும் சிறைக்குப் போனார்கள். புதிய ஆளுநராக உட்கார்ந்தவர் சர்தார் அக்பர் புக்தி! பிறகு மலைகளில் போர். அந்தப் போர் நடந்துகொண்டிருக்கும்போதே, 1976இல், சர்தாரியை ஒழித்துவிட்டதாகப் புட்டோ சட்டம் கொண்டுவந்தார். அந்தச் சட்டம் தாளோடு நின்றது. சர்தார்கள் ஒவ்வொரு ஆளும் கட்சியிலும் வரிசையாகச் சேர்ந்துகொண்டே இருந்தார்கள். 2013இல்தான் மக்ரானிலிருந்து சர்தார் அல்லாத ஒரு மருத்துவர், அப்துல் மாலிக் பலூச், முதல்வரானார். இரண்டரை ஆண்டில், கூட்டணி ஒப்பந்தப்படி, நாற்காலி மீண்டும் ஒரு சர்தாரிடம் போனது.

சரி, சர்தாரே இல்லாத இடத்தில் என்ன நிலைமை? இதைச் சோதித்துப் பார்க்கக் கற்பனை தேவையில்லை; எல்லைக்கு அப்பால் ஈரான் இருக்கிறது. 1928இல் ரெசா ஷா அங்கே பலூச் ஆட்சியாளர் தோஸ்த் முகமதுவை முறியடித்தார். ரெசா ஷாவின் மகன் காலத்தில் சர்தார்கள் சலுகை பெற்று வாழ்ந்தார்கள். 1979 புரட்சி அவர்களை ஓரங்கட்டியது. பலர் நாட்டைவிட்டே போனார்கள், அவர்கள் இடத்துக்கு மௌலவிகள் வந்தார்கள். ஆனாலும் சிஸ்தான்-பலூசிஸ்தான் இன்றும் ஈரானின் மிக ஏழையான மாகாணங்களில் ஒன்று. அடையாளச் சான்றே இல்லாத பலூச்சுகள் அங்கே உண்டு. டீசல் சுமந்து பிழைக்கும் இளைஞர்கள் 2021இல் சராவான் எல்லையில் சுடப்பட்டார்கள். 2022 செப்டம்பர் 30, வெள்ளித் தொழுகை நாளில், சாஹிதானில் பல பத்துப் பேர் கொல்லப்பட்டார்கள். சர்தார் போய்விட்டார், வறுமையும் துப்பாக்கியும் போகவில்லை.

இரண்டாவது சான்று பாகிஸ்தானுக்குள்ளேயே இருக்கும் மக்ரான். கேச், குவாதர், பஞ்ச்கூர் பகுதிகளில் சர்தாரி என்றுமே மலைநாட்டைப் போல் வேர்விட்டதில்லை. படிப்பில் அக்கறையுள்ள மண் அது. துர்பத்தில் பல்கலைக்கழகம் இருக்கிறது, மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இஸ்லாமாபாதின் கோட்பாடு சரியென்றால் மக்ரான் அமைதியாக இருக்க வேண்டும். இன்றைய கிளர்ச்சியின் மையமோ அதுதான். ஆயுதக் குழு ஒன்றின் தலைவர் மருத்துவம் படித்தவர். 2022இல் கராச்சிப் பல்கலைக்கழகத்தில் சீன ஆசிரியர்களைக் கொன்ற தற்கொலைத் தாக்குதலை நடத்தியவர் துர்பத்தைச் சேர்ந்த ஒரு பள்ளி ஆசிரியை, இரண்டு பிள்ளைகளின் தாய். எந்தச் சர்தாரும் அவரை அனுப்பவில்லை.

குவாதரையே கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். மஸ்கட் சுல்தானிடமிருந்து 1958இல் பாகிஸ்தான் விலைகொடுத்து வாங்கிய ஊர். பல நூறு கோடி டாலர் சீன வழித்தடத்தின் வாசல் என்று விளம்பரப்படுத்தப்படும் துறைமுகம். அந்த ஊருக்கு ஆண்டுக்கணக்காக மின்சாரம் வந்தது ஈரானிலிருந்து. அணை வறண்ட ஆண்டுகளில் குடிதண்ணீர் லாரியில் வந்தது. கிழக்கு விரிகுடாவை ஒட்டித் துறைமுகத்துக்கு அதிவேகச் சாலை போட்டபோது, மீனவர் குடியிருப்புக்கும் அவர்கள் படகு இறக்கும் கரைக்கும் குறுக்கே அது விழுந்தது. படகு போக வழி விடச் சொல்லி அவர்கள் தெருவில் உட்கார வேண்டியிருந்தது. 2021இல் ‘குவாதருக்கு உரிமை கொடு’ என்று திரண்ட கூட்டம் கேட்டதைப் பாருங்கள்: இழுவைப் படகுகளை நிறுத்து, சோதனைச் சாவடிகளைக் குறை, எல்லை வியாபாரத்தைத் தடுக்காதே, குடிதண்ணீர் கொடு. தனிநாட்டை அந்தப் பட்டியலில் தேடினால் கிடைக்காது.

நிலப்பரப்பின் மேல் பழிபோடுகிறவர்களும் உண்டு. மாகாணம் பாகிஸ்தானின் பரப்பில் 44 விழுக்காடு. 2023 கணக்கெடுப்பின்படி மக்கள் ஒன்றரைக் கோடிக்குச் சற்றுக் குறைவு. சிதறிக் கிடக்கும் ஊர்களுக்குக் குழாய் இழுக்கக் கட்டுப்படியாகாது என்கிறார்கள். இதில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் 1952இல் புக்திகளின் பகுதியான சுய்யில் கண்டெடுத்த எரிவாயு 1955இலேயே கராச்சிக்குப் போய்விட்டது. மாகாணத் தலைநகர் குவெட்டாவுக்கு வந்து சேர 1980கள் ஆயிற்று. எரிவாயு எடுக்கும் மாகாணத்தின் தேவைக்கே முன்னுரிமை என்று 1973 அரசியல் சட்டத்தின் 158ஆம் பிரிவு சொல்கிறது. சுய்யைச் சுற்றியுள்ள ஊர்களில் இன்றும் விறகு எரிகிறது. 2006 ஆகஸ்ட் 26இல் அக்பர் புக்தியைக் கொன்றார்கள். அதன்பிறகும் அந்த அடுப்புகள் மாறவில்லை. இன்னொரு கணக்கும் உண்டு. பாகிஸ்தான் அரசே 2016இல் வெளியிட்ட பல்பரிமாண வறுமை அறிக்கையில் பலூசிஸ்தான் 71 விழுக்காடு, பஞ்சாப் 31. நாட்டிலேயே மிக மோசமான மாவட்டம் கிலா அப்துல்லா, ஏறக்குறைய 97. அது பலூச் மாவட்டமே அல்ல, மாகாணத்தில் பஷ்தூன்கள் வாழும் வடபகுதி. பலூச் சர்தார்களை அங்கே எப்படிக் குற்றம் சொல்வது?

இவ்வளவும் தேசியவாதிகளைக் கரையேற்றிவிடாது. பேருந்தை நிறுத்தி, அடையாள அட்டை பார்த்து, பஞ்சாபி என்றால் இறக்கிச் சுடுவது விடுதலைப் போர் அல்ல. 2024 ஆகஸ்டில் மூசாகேலில் நடந்தது கொலை. ஆசிரியர்களைக் கொன்றதில் வெளிமாகாண ஆசிரியர்கள் ஓடிப்போனார்கள். நட்டம் பலூச் பிள்ளைகளுக்கு. சர்தார்களின் புகைப்படத்தை மேடையில் மாட்டிக்கொண்டே விடுதலை பேசுகிற பழக்கத்தையும் அந்த இயக்கம் இன்னும் முழுதாக உதறவில்லை. ஆயுதம் ஏந்தாத பெண்கள் பக்கம்தான் புதிதாக ஏதோ நடந்திருக்கிறது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் சகோதரிகளும் மகள்களும் நடந்து வருகிற ஊர்வலத்தில் எந்தச் சர்தாரின் தலைமையும் இல்லை. அவர்களை முன்னின்று நடத்திய மருத்துவர் மஹ்ரங் பலூச்சை 2025 மார்ச்சில் சிறையில் போட்டார்கள். 1939இலும் 1973இலும் செய்த அதே காரியம்.

என் தீர்ப்பு இது: முதல் குற்றவாளி அரசு, இரண்டாவது சர்தார், இரண்டாமவர் முதலாமவரிடம் சம்பளம் வாங்கியவர். சர்தாரை எதிர்த்து உள்ளிருந்து எழுந்த ஒவ்வொரு குரலையும் அரசு நெரித்திருக்கும்போது, சர்தாரைக் காட்டிப் பழியிலிருந்து நழுவ அதற்கு உரிமை இல்லை. ரெக்கோ டிக் செம்பு, தங்கச் சுரங்கத்தில் 2022 ஒப்பந்தம் மாகாணத்துக்கு 25 விழுக்காடு பங்கு தந்திருக்கிறது. அந்தப் பணம் சுரங்கம் இருக்கும் சாகை மாவட்டத்துப் பள்ளிக்கூடங்களுக்கும் கிணறுகளுக்கும் போய்ச் சேர்ந்தால் இந்தத் தீர்ப்பைத் திருத்தி எழுத நான் தயார்.