ஊமைச் சிரிப்பும் எஞ்சிய சுருளும்

ஊமைக்கால நகைச்சுவைக் குறும்படங்களை வீட்டுப் பார்வைக்கு வழங்கும் முயற்சிகளுள் 2010ஆம் ஆண்டு வெளிவந்த 'சாப்ளின் அட் கீஸ்டோன்' டிவிடி தொகுப்பு குறிப்பிடத்தக்கதாகும். 1914இல் சாப்ளின் நடித்த 34 படங்கள், பல நாடுகளில் கிடந்த சிதைந்த படிகளிலிருந்து ஒன்றுசேர்க்கப்பட்டு இதில் இடம்பெற்றுள்ளன. ஒரு படி அழிந்தாலும் மற்றொன்று எங்கோ எஞ்சியிருந்தமையே இம்மீட்புக்கு அடிப்படை. தொலைந்ததாகக் கருதப்பட்ட 'எ தீஃப் கேட்ச்சர்' மிச்சிகனில் பழம்பொருள் விற்பனையொன்றில் 16 மி.மீ. சுருளாகக் கிடைத்தமை இதற்குச் சான்று.

தமிழ் ஊமைப்படங்களுக்கு இவ்வாய்ப்பு அமையவில்லை. நடராஜ முதலியாரின் 'கீசக வதம்' இன்று இல்லை. 1933இல் வெளிவந்த தென்னிந்திய ஊமைப்படமான 'மார்த்தாண்ட வர்மா' எஞ்சியதும், பதிப்புரிமை வழக்கினால் அதன் படி திருவனந்தபுரத்துப் புத்தக நிலையமொன்றில் முடங்கிக் கிடந்ததனாலேயே.

இத்தொகுப்புகள் படங்களை மீட்கின்றன. அவற்றைப் பார்த்துச் சிரித்தோரின் வரலாற்றை மீட்பதில்லை. கோலசிலாங்கூர், பத்தாங் பெர்ஜுந்தை (இன்றைய பெஸ்தாரி ஜெயா), ஈஜோக் வட்டாரத் தோட்டங்களை எண்ணும்போது இக்குறை நன்கு புலப்படுகிறது. தோட்டத் திடலில் வெண்துணி கட்டிப் படம் காட்டிய இரவுகள் மலாயாத் தமிழரின் திரை அனுபவத்தில் முக்கியமானவை. எப்படம் ஓடியது, எக்காட்சியில் கூட்டம் சிரித்தது என்பன முறையாகப் பதிவு செய்யப்படவில்லை. லயங்கள் கலைந்து மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டனர். முதியோரின் நினைவே இன்று நம்மிடம் எஞ்சியிருக்கும் படி. அதற்கு மாற்றுப் படி வேறெந்த நாட்டிலும் இல்லை. எனவே, அந்நினைவுகளை ஒலிப்பதிவு செய்து தொகுப்பது நம் மாணவர்களின் உடனடிக் களப்பணியாதல் வேண்டும்.