ஆர்சி பக்கி: தாவுவதை விடுங்கள், இறங்குவதைப் பாருங்கள்

உளுந்து பிடுங்கிய கொல்லையில் நாங்கள் நான்கைந்து பேர் ரிமோட்டில் ஓடும் ஆர்சி பக்கி ஓட்டிக்கொண்டிருப்போம். வரப்போரம் பைக்கை நிறுத்தி எட்டிப் பார்ப்பவர்கள் கேட்பது இரண்டே கேள்விதான். "எவ்ளோ ஸ்பீடு போகும்ணா?" "என்ன விலை?" பதிலைக் கேட்டதும் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விடுவார்கள். "பொம்மைக் காரு" என்று போகிற போக்கில் ஒரு வார்த்தை வேறு. ஒரு சுற்று முடியும் வரை நின்று பார்க்க எவருக்கும் பொறுமை இல்லை. மூன்று மணி நேரம் டிவி முன்னால் உட்கார்ந்து கிரிக்கெட் பார்க்கிற ஊரில் ஐந்து நிமிட ரேஸ் பார்க்க ஆள் இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே எரிச்சலாக இருக்கிறது. அந்த இரண்டு கேள்விக்கும் வெளியேதான் விஷயமே இருக்கிறது.

அடிப்படையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நிஜ வண்டியின் பத்தில் ஒரு பங்கு அளவு, சுமார் ஒன்றரை கிலோ எடை. பின்சக்கரம் இரண்டுக்கு மட்டும் மோட்டார் சக்தி போனால் டூ வீல் டிரைவ், நான்குக்கும் போனால் ஃபோர் வீல் டிரைவ். டூ வீலில் தொடங்குங்கள். கைத்தப்பை உடனே காட்டிக்கொடுக்கும், அதனாலேயே சீக்கிரம் கற்றுக்கொள்வீர்கள். பிரஷ்லெஸ் மோட்டாரில் 17.5, 13.5 என்று போட்டிருப்பது கம்பிச் சுற்றின் கணக்கு. எண் குறையக் குறைய வேகம் கூடும். முதல் வண்டிக்கு 17.5 தாராளம். பேட்டரி, இரண்டு செல் லைப்போ: பெயரளவில் 7.4 வோல்ட், முழு சார்ஜில் 8.4. ஓட்டாத நாட்களில் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைத்திருங்கள். சார்ஜில் போட்டுவிட்டு வெளியே போகாதீர்கள், உப்பிய பேட்டரியை மறுபடி சார்ஜ் செய்யாதீர்கள், சித்திரை வெயிலில் காருக்குள் விட்டுவிட்டு டீக்கடைக்குப் போகாதீர்கள். இந்த மூன்றிலும் விளையாட்டு வேண்டாம், தீப்பிடிக்கும்.

ஓட்டப் பழக இரண்டு செங்கல் போதும். லைசென்ஸுக்குப் போடுவது மாதிரி எட்டுப் போடுங்கள். வண்டி உங்களை நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறிப்போகும். கை குழம்பும், பிறகு தானாகச் சரியாகும். ரேஸில் முதலில் தகுதிச் சுற்றுகள். ஐந்து நிமிடத்தில் எத்தனை சுற்று, எந்த நேரத்தில் என்று கடிகாரத்தோடு போட்டி. அந்த வரிசைப்படி ஃபைனலில் நிறுத்துவார்கள். ஓட்டுகிறவர்கள் எல்லோரும் உயரமான மேடையில் வரிசையாக நிற்பார்கள். எங்களுக்கு டிராக்டர் டிரெய்லர்தான் மேடை. ஓட்டி முடித்தவர் அடுத்த ரவுண்டுக்கு மார்ஷலாக டிராக்கில் நின்று, கவிழ்ந்த வண்டிகளை நிமிர்த்திவிட வேண்டும். எதிராளி வண்டியையும் அதே வேகத்தில் நிமிர்த்த வேண்டும். இந்த ஒரு பழக்கத்துக்காகவே இந்த விளையாட்டை மதிக்கலாம்.

அடிப்படை அவ்வளவுதான். இனி எதைப் பார்ப்பது?

வேகத்தைப் பார்க்காதீர்கள். எங்கள் ஊர் உளுந்தூர்பேட்டை என்றதும் "இங்கதான் ஏர்ஸ்ட்ரிப் இருக்கே, அங்க விட்டுப் பார்க்கலாமே" என்று யோசனை சொல்ல ஆள் வந்துவிடும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போட்ட ஓடுதளம் அது. அதே காலத்துச் சோழவரம் ஓடுதளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல ஆண்டுகள் பெரிய கார்களையும் பைக்குகளையும் ஓடவிட்டது. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனி டிராக் வந்தது. சோழவரத்துப் பெருமையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நம்மூர் ஓடுதளத்தைப் பார்த்து ஏங்குவதில் நியாயம் இருக்கிறது, ஆனால் பக்கிக்கு அந்தத் தளத்தில் வேலையே இல்லை. சமதளத்தில் நேர்கோட்டில் ஓட மோட்டாரும் பேட்டரியும் போதும். நான்கு சக்கரத்தையும் தனித்தனியாக ஏறி இறங்கும்படி செய்து, நான்கு ஷாக் மாட்டி, அவற்றுக்குள் ஆயில் ஊற்றி வைத்திருப்பது எதற்கு? மேடு பள்ளத்துக்கு. மண்ணுக்கு. அனுமதி வாங்காமல் ஓடுதளத்துக்குள் போவதும் சரியில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

ரீல்ஸ்காரர்கள் இன்னொரு வகை. மொட்டைமாடியிலிருந்து தாவவிட்டு, கீழே விழுந்து கை கால் உடைந்த வண்டியைக் காட்டிச் சிரிக்கிறார்கள். லட்சம் பேர் பார்க்கிறார்கள். அது வண்டியை உடைக்கும் பொழுதுபோக்கு. அதை ரேஸ் என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு எங்கள் டிராக்கில் ஏமாற்றம்தான். மூன்றாவது வகைதான் எனக்கு ஆகவே ஆகாது: உலக சாம்பியனின் செட்டப் ஷீட்டை இறக்கி, அதில் எழுதிய அதே ஸ்பிரிங்கை, அதே ஆயிலை அப்படியே மாட்டிக்கொண்டு வருகிறவர்கள். ஐரோப்பாவில் மூடிய அரங்கில், கார்ப்பெட்டும் செயற்கைப் புல்லும் விரித்த தளத்துக்கு எழுதின ஷீட் அது. அங்கே பிடிமானம் கொட்டிக் கிடக்கிறது. அதனால் மோட்டாரைப் பின் அச்சுக்கு முன்னால் நகர்த்தி வைத்தார்கள், அதுவே இப்போது ஃபேஷனாகிவிட்டது. புழுதி பறக்கிற நம் கொல்லையில், அச்சுக்குப் பின்னால் மோட்டார் தொங்கும் பழைய அமைப்புதான் பின் டயரை மண்ணில் அழுத்திப் பிடிக்கும். பழைய மாடல் என்று யாராவது குறைந்த விலைக்குத் தள்ளிவிட்டால் யோசிக்காமல் வாங்குங்கள்.

நீங்கள் பார்க்க வேண்டியது வண்டி தரையில் இறங்கும் அந்த அரை நொடியை. அது புரிய ஸ்பிரிங் வேறு, ஆயில் வேறு என்பது மனதில் பதிய வேண்டும்.

1984இல் தமியா கம்பெனியின் கிராஸ்ஹாப்பர் வந்தது. உலகம் முழுக்கப் பல பேருக்கு முதல் பக்கி அதுதான். அதன் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கை நம்பியது, ஆயில் கிடையாது. மேட்டில் ஏறி இறங்கினால் துள்ளும், துள்ளிக்கொண்டே இருக்கும். அதே 1984இல் அமெரிக்காவில் அசோசியேட்டட் கம்பெனி ஆர்சி10 என்ற வண்டியைக் கொண்டுவந்தது. ரோஜர் கர்ட்டிஸ் வடிவமைத்தது. தங்க நிற அலுமினியச் சட்டம், நான்கு மூலையிலும் ஆயில் ஷாக். மறு ஆண்டே, 1985இல், கலிஃபோர்னியாவின் டெல் மாரில் எலெக்ட்ரிக் ஆஃப்-ரோடு பக்கிக்கு முதல் உலக சாம்பியன்ஷிப் நடந்தது. பொம்மைக் கடைக்கும் ரேஸ் மைதானத்துக்கும் நடுவில் இருப்பது அந்த ஆயில்தான் என்று நான் அடித்துச் சொல்வேன். மற்ற கண்டுபிடிப்புகளைக் குறைத்துச் சொல்லவில்லை. வளைவில் இரண்டு பக்கச் சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடுகிற, இங்கிலாந்தின் செசில் ஷூமாக்கர் 1980இல் கொண்டுவந்த பால் டிஃபரன்ஷியல் பெரிய விஷயம். அவர் கம்பெனியின் கேட் வண்டியில்தான் ஜப்பானின் மசாமி ஹிரோசாகா 1987இல் உலகப் பட்டம் வென்றார், மொத்தம் 14 பட்டம் அவர் கணக்கில். இருந்தாலும் ஆயில் இல்லாத வண்டிக்கு எந்த டிஃபரன்ஷியலைப் போட்டு என்ன?

ஸ்பிரிங் எவ்வளவு தூரம் அமுங்குகிறது என்பதற்குத் தக்கபடி எதிர்க்கும். ஆயில் எவ்வளவு வேகமாக அமுங்குகிறது என்பதற்குத் தக்கபடி எதிர்க்கும். வண்டி சும்மா நிற்கும்போது ஆயிலுக்கு வேலை இல்லை. அசைந்தால்தான் வேலை. பைக் ஃபோர்க் பிரித்து ஆயில் மாற்றுகிற எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் இதைச் சொல்வார். ஆனால் பக்கி வாங்கிய பையன்கள் சிவப்பு, நீலம், மஞ்சள் என்று ஸ்பிரிங்காக வாங்கிக் குவிக்கிறார்கள். ஷாக்கின் மூடியைத் திறந்தே பார்ப்பதில்லை.

திறந்து பாருங்கள். உள்ளே கம்பி நுனியில் சட்டைப் பித்தான் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் பிஸ்டன். அதில் இரண்டோ மூன்றோ துளை. சிலிக்கான் ஆயில் அந்தத் துளை வழியாகத்தான் மேலும் கீழும் போய் வர வேண்டும். கெட்டி ஆயில் ஊற்றினால் ஷாக் கெட்டிப்படும், நீர்த்த ஆயில் ஊற்றினால் இளகும். இது வரைக்கும் எல்லோரும் வந்துவிடுகிறார்கள். இதற்கு அடுத்த படிதான் எனக்கு உயிர்.

இரண்டு ஷாக் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் சிறு துளை பிஸ்டன், நீர்த்த ஆயில். இன்னொன்றில் பெரிய துளை பிஸ்டன், கெட்டி ஆயில். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, இரண்டையும் கட்டை விரலால் மெதுவாக அமுக்கிப் பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரி வழுக்கிக்கொண்டு இறங்கும். கண்ணை மூடிக்கொண்டால் எது எதுவென்று சொல்ல முடியாது. இப்போது உள்ளங்கையால் சட்டென்று ஒரு குத்து விடுங்கள். பெரிய துளைக்காரன் இறங்கிவிடும். சிறு துளைக்காரன் பாதியில் இறுகி நிற்கும், கையில் திருப்பி அடிக்கும். இதைத்தான் ஆர்சிக்காரர்கள் 'பேக்' என்கிறார்கள்.

காரணம் இதுதான். துளை சிறியது என்பதால் அதே அளவு ஆயில் அதன் வழியே இன்னும் வேகமாகப் போயாக வேண்டும். வேகம் ஒரு அளவைத் தாண்டியதும் நீர்த்த ஆயில் சீராக ஓடாமல் சுழித்துக் கலங்குகிறது. சீராக ஓடும் வரை வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பும் இரண்டு மடங்கு. கலங்கிவிட்டால் ஏறக்குறைய நான்கு மடங்கு. ஆக, விரலுக்கு ஒன்றாகத் தெரிந்த இரண்டு ஷாக்கும் மேட்டிலிருந்து விழும்போது வேறு வேறு வண்டி.

உயரத் தாவி விழும் டிராக்குக்கு பேக் வேண்டும். மாட்டுவண்டித் தடம் மாதிரி சின்னச் சின்ன மேடு பள்ளம் அடுக்காக வரும் இடத்தில் அதே பேக் எதிரி: ஒவ்வொரு குலுக்கலுக்கும் ஷாக் இறுகிக்கொள்ளும், டயர் பள்ளத்துக்குள் இறங்காமல் முகடுக்கு முகடு தாவும், பிடிமானம் போகும். நல்ல டிராக்கில் இரண்டும் இருக்கும். எதை எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பதில்தான் ஓட்டுகிறவரின் மூளை தெரிகிறது. தகுதிச் சுற்றில் யார் முதலிடம் என்பதைவிட, யார் எந்த பிஸ்டன் போட்டிருக்கிறார் என்று ஊகிப்பதில்தான் எனக்குச் சுவை.

வெளியில் நின்றபடியே இதைப் பார்க்கலாம். வண்டி விழும்போது அடிச்சட்டம் தரையில் 'சப்' என்று அறைந்தால் ஷாக் போதவில்லை. அறையாமல் மறுபடி ஒரு துள்ளு துள்ளினால் அளவுக்கு மீறி இறுகுகிறது, அல்லது விழுந்த வேகத்தை ஸ்பிரிங் திருப்பித் தள்ளுகிறது. சரியாக இருந்தால், விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து ஒரு மூச்சு வாங்காமல் முன்னே போகும். குலுக்கல் பகுதியில் டயருக்குப் பின்னால் எழும் புழுதியைப் பாருங்கள். விட்டு விட்டுப் பொட்டுப் பொட்டாக எழுந்தால் டயர் அந்தரத்தில் இருக்கிறது. கோடு அறுபடாமல் எழுந்தால், மேலே பாடி அலுங்காமல் போக, கீழே சக்கரங்கள் மட்டும் பதறிப் பதறி வேலை செய்வதும் கண்ணில் படும். அதைப் பார்த்துவிட்டால் "எவ்ளோ ஸ்பீடு" என்ற கேள்வி உங்கள் வாயிலிருந்து வராது.

நம்மூருக்கே உரிய ஒன்று, வெயில். ஆயில் பாட்டிலில் போட்ட எண் 25 டிகிரியில் அளந்தது. பங்குனி கடந்து கொல்லையில் 40 டிகிரி ஏறும்போது அந்த ஆயில் கால் பங்கு அளவுக்கு நீர்த்துவிடும். பெரிய துளையும் கெட்டி ஆயிலும் போட்ட வண்டி மதியம் தளர்ந்து போகும், சாயங்காலம் திரும்ப வேறாகும். சிறு துளை வண்டி விழும்போது அவ்வளவாக மாறாது. கலங்கிய ஓட்டத்தில் எதிர்ப்பு ஆயிலின் கெட்டித்தன்மையை அதிகம் நம்பி இல்லை. இங்கே கற்றுக்கொண்டதைத்தான் நான் நம்புகிறேன்; குளிரூட்டிய அரங்கில் எழுதிய ஷீட்டில் இது இருக்காது.

உங்களுக்காகச் சொல்கிறேன், வெளியே போட்டியாளரிடம் சொல்ல மாட்டேன். டூ வீல் பக்கிக்கு வண்டியோடு வந்த பிஸ்டனையே வைத்து, முன்னால் 35, பின்னால் 30 வெயிட் ஆயிலில் தொடங்குங்கள். கோடையில் இரண்டிலும் ஐந்து கூட்டுங்கள். ஆயிலை ஊற்றியதும் மூடாதீர்கள். பிஸ்டனை மெல்ல ஏற்றி இறக்கி, குமிழி முழுக்க மேலே வரும் வரை நிமிர்த்தி வையுங்கள். உள்ளே காற்று நின்றால் அமுக்கும்போது 'கிளுக்' என்று சத்தம் வரும். அந்த ஷாக்கை வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வராதீர்கள். வண்டியை முழங்கால் உயரத்திலிருந்து தட்டையாகக் கீழே போடுங்கள். விழுந்து அடங்கிய நிலையில் பின் டிரைவ் ஷாஃப்ட் ஏறக்குறையப் படுக்கையாக இருந்தால் உயரம் சரி. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஸ்பிரிங்கைக் கடைசியில் தொடுங்கள். ஷாக்குக்கு அலுமினிய அலங்காரம் வாங்கும் காசில் இரண்டு செட் பிஸ்டனும் மூன்று பாட்டில் ஆயிலும் வாங்கலாம்.

வண்டியே இல்லையென்றாலும் வாருங்கள். வெயில் தாழ நாலரைக்குத் தொடங்குவோம். மார்ஷலுக்கு எங்களுக்கு எப்போதும் ஆள் தட்டுப்பாடு. பெரிய மேட்டுக்கு அந்தப் பக்கம், வண்டிகள் விழும் இடத்தில் உங்களை நிறுத்துகிறேன். செருப்பு வேண்டாம், ஷூ போட்டு வாருங்கள்; ஒன்றரை கிலோ வண்டி கணுக்காலில் மோதினால் நன்றாகவே வலிக்கும்.