குஞ்சுப் பெட்டி விளக்கு: பழி பல்புக்கு, குற்றம் ஹோல்டருக்கு

நுவரெலியாவில் துகள் உறைபனி விழும் ஜனவரி, பெப்ரவரியில் கோழிக்குஞ்சு இறக்கினால் ராத்திரி முழுக்கச் சூடு கொடுத்தே ஆகவேண்டும். முதல் வாரக் குஞ்சுக்கு 32 முதல் 35 பாகை செல்சியஸ் வேண்டும். பிறகு வாரத்துக்கு மூன்று பாகை அளவில் குறைத்துக்கொண்டே வரலாம். லயத்து இஸ்தோப்பில் விடியற்காலையில் பத்துப் பாகை இருந்தாலே அதிகம். மிச்சத்தை ஒரு பல்புதான் தரவேண்டும். அந்தப் பல்போ அடிக்கடி போய்விடுகிறது என்று ஹட்டன் பக்கம் குஞ்சு வளர்ப்பவர்கள் புலம்புகிறார்கள்.

100 வாட் குண்டு பல்பு, 250 வாட் சிவப்பு இன்ஃப்ராரெட் பல்பு, 100 வாட் பீங்கான் ஹீட்டர் மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். குண்டு பல்பு மலிவு, கீழ்நாட்டுக்குப் போதும், நம் குளிருக்குப் போதாது. அவ்வளவுதான்.

சிவப்பு பல்பு நல்ல சூடு தருகிறது. பிலிப்ஸ் இந்த வகைக்குச் சொல்லும் ஆயுள் 5,000 மணி நேரம். இரவுக்கு 12 மணி நேரம் எரித்தாலும் ஒரு வருசம் தாண்ட வேண்டும். சில வாரத்திலேயே போனால், கடைக்காரரைத் திட்டுவதற்கு முன் பல்பைக் கழற்றிப் பாருங்கள். அடிப்பக்கத்து ஈயப் பொட்டு உருகியிருந்தாலோ, ஹோல்டரின் பித்தளை நாக்கு கறுத்திருந்தாலோ, தொடர்பு சரியாகப் பிடிக்காமல் பொறி பறந்திருக்கிறது. கண்ணாடிக்குள் வெண்புகை படிந்திருந்தால் எங்கோ விரிசல் விட்டுக் காற்று புகுந்திருக்கிறது. மழைச்சாரலோ, குஞ்சு தண்ணீரைச் சிலுப்பியதோ சூடான மெல்லிய கண்ணாடியில் பட்டால் அப்படி ஆகும். இரண்டும் இல்லாமல் இழை மட்டும் அறுந்திருந்தால் கரண்டைச் சந்தேகிக்கலாம். 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 242 வந்தால் இழை பல்பின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும். லயமே தூங்கிய பிறகு, பாவனை குறைந்து வோல்ட் ஏறுகிற நேரத்தில்தான் நம் பல்பு விழித்திருக்கிறது.

நான் பார்த்தவற்றில் அதிகம் கெட்டிருந்தது ஹோல்டர். நம் வீடுகளில் இருப்பது பின் ஹோல்டர், சிவப்பு பல்பு பெரும்பாலும் திருகு வகை. நடுவே ஒரு பிளாஸ்டிக் மாற்றியைச் செருகிவிடுகிறோம். 250 வாட் சூட்டில் அது இளகி, தொடர்பு தளர்ந்து, பல்பைத் தின்கிறது. பீங்கான் ஹோல்டர் ஒன்று வாங்கி, சூடு தாங்கும் வயரில் நேரடியாக இணைத்தால் பாதித் தொல்லை தீரும்.

மூன்றாவது, ஆமை, ஓணான் வளர்ப்பவர்களுக்கென்று விற்கும் பீங்கான் ஹீட்டர். இதில் கண்ணாடியும் இல்லை, அந்தரத்தில் தொங்கும் மெல்லிய இழையும் இல்லை. சூட்டைப் பார்த்துத் தானாக நிறுத்திப் போடும் தெர்மோஸ்டாட்டுடன் நன்றாக ஒத்துப்போகிறது. இழை பல்பு அப்படி ஒத்துப்போகாது. குளிர்ந்த இழையின் மின்தடை, சூடான இழையினதில் பத்தில் ஒரு பங்குகூட இராது. ஒவ்வொரு முறை போடும்போதும் கரண்ட் பாய்ந்து அடிக்கிறது. நுவரெலியாக் குளிரில் தெர்மோஸ்டாட் ராத்திரி முழுக்க அணைத்து அணைத்துப் போட்டால் இழை எத்தனை நாள் தாங்கும்?

பீங்கான் ஹீட்டருக்குக் குறைகளும் உண்டு. வெளிச்சம் தராது, முதல் நாட்களில் குஞ்சு தீனியைக் கண்டுபிடிக்க ஒரு சின்ன எல்ஈடி தனியாக வேண்டும். எரிகிறதா என்று கண்ணால் தெரியாது. தொட்டுப் பார்த்தால் கை வெந்துவிடும். ஐம்பது குஞ்சுக்கு 100 வாட் காணாது. விலையும் அதிகம். ஆனால் பத்து மணி நேர இரவுக்கு 250 வாட் பல்பு இரண்டரை யூனிட் இழுக்கும், இது ஒன்றைத் தாண்டாது.

உடையாத பல்பு என்று டெஃப்லான் பூச்சுடன் சில வருகின்றன. அவற்றை வாங்கவே வேண்டாம். சூட்டில் அந்தப் பூச்சு விடும் ஆவி கோழி இனத்துக்கு நஞ்சு, கூடு முழுக்க ஒரே இரவில் செத்துப்போகலாம்.

இருபது குஞ்சுக்குள் வளர்க்கிறவர்கள் பீங்கான் ஹீட்டரும் தெர்மோஸ்டாட்டும் வாங்கலாம், காசு வீண் போகாது. அதற்கு மேல் என்றால் சிவப்பு பல்புதான், தெர்மோஸ்டாட் இல்லாமல், உயரத்தை ஏற்றி இறக்கிச் சூட்டைச் சரிசெய்துகொள்ளுங்கள். தரையிலிருந்து ஒன்றரை அடியில் ஆரம்பிக்கலாம். குஞ்சுகள் விளக்கடியில் குவிந்தால் இறக்குங்கள், ஓரத்துக்கு ஓடினால் ஏற்றுங்கள். எதைப் போட்டாலும் வயரில் தொங்கவிடாதீர்கள். இரும்புச் சங்கிலியில் கட்டி, அது அறுந்தாலும் தாங்க இன்னொரு கம்பியும் போடுங்கள். கீழே கிடப்பது மரத்தூள், மேலே இருப்பது பக்கத்துக் காம்பராவுக்கும் சேர்த்து ஒரே கூரை.