மூன்று மணியும் மறுமொழியும்

சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்க ஒரு மணியோசைக் கணக்கு உண்டு. ஆட்கள் ஆயத்தம் என்றால் மூன்று மணி. மேலே வைண்டிங் என்ஜினில் இருப்பவர் பதிலுக்கு மூன்று அடித்த பிறகுதான் கேஜுக்குள் காலை வைக்கலாம். கோலார் தங்கவயலில் தலைமுறை தலைமுறையாக ஷாஃப்டில் இறங்கியவர்களின் உயிர் அந்த மறுமொழியில்தான் இருந்தது. பதில் வராவிட்டால் சேதி போய்ச் சேரவில்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டும். இன்றைக்குக் கையகலச் சென்சார் பெட்டிகள் பேசிக்கொள்ளும் மாட்பஸ் முறையிலும் இதே கண்டிப்புதான். அந்தப் பதில் நின்றுபோகும்போது காரணத்தைத் தேடிப் பிடிப்பதை ஒரு நல்ல ஆலாபனையைப் போல ரசிக்கிறவன் நான்.

தங்கவயல் இந்தக் கலைக்குச் சொந்த ஊர். சாம்பியன் ரீஃப் 3 கிலோமீட்டருக்கும் கீழே போன சுரங்கம். அந்த ஆழத்தில் பாறை இறுக்கம் தாளாமல் வெடிக்கும். ஊரில் அதை 'ஏர்பிளாஸ்ட்' என்பார்கள். வெடித்த இடத்தைக் கண்டறிய 1978இல் பாபா அணு ஆராய்ச்சி மையம் இங்கே அதிர்வுமானி வலையமைப்பு ஒன்றை நிறுவியது. பல இடங்களில் ஜியோபோன்கள். எந்த ஜியோபோனுக்கு அதிர்வு எப்போது வந்தது என்ற நேர வித்தியாசத்திலிருந்து இடம் கணக்காகும். கெட்டிப் பாறையில் அலை நொடிக்கு ஏறத்தாழ 6 கிலோமீட்டர் ஓடும். ஒரு ஜியோபோனின் நேரம் 10 மில்லிநொடி பிசகினால், அந்தத் தூரக் கணக்கில் 60 மீட்டர் பிசகு. மௌனமான ஜியோபோனை ஒதுக்கிவிட்டுக் கணக்குப் போடலாம்; தப்பாகப் பேசும் ஜியோபோன்தான் ஆபத்து. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடி, உள்ளே தண்ணீர் நிரம்பிய பிறகும் அதிர்வுகள் ஓயவில்லை.

சென்சார் பெட்டி பதில் சொல்லாதபோது கை தேர்ந்தவர் முதலில் புரோகிராமைத் திறக்கமாட்டார். மல்டிமீட்டரை எடுப்பார். மாட்பஸ் ஓடுவது ஆர்எஸ்-485 என்ற இரு கம்பி லைனில் என்றால் இரு முனையிலும் 120 ஓம் தடை இருக்க வேண்டும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு இரண்டு கம்பிக்கும் நடுவே அளந்தால் 60 ஓமை ஒட்டி வரும். 120 காட்டினால் ஒரு முனையில் தடை இல்லை, அல்லது வழியில் கம்பி அறுந்திருக்கிறது. 40 என்றால் யாரோ மூன்றாவது தடையையும் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒரே அளவில் அத்தனை தூரத்துக் கதையும் வந்துவிடுகிறதே, அதில்தான் எனக்கு மனம் சொக்குகிறது. பிறகு லைனைப் பாதியில் பிரித்துப் பார்ப்பார். ஒரே ஒரு பெட்டிதான் லைனைக் கெடுக்கிறது என்றால், 32 பெட்டிகளுக்கு ஐந்தே பிரிப்பு.

வேஷம் போட்டு வரும் பழுதுகள் இன்னும் சுவையானவை. வைஃபை சிப் அலையை வீசும் கணத்தில் மின்னோட்டம் 300 மில்லிஆம்பியர் வரை எகிறும். சப்ளை மெலிந்ததாக இருந்தால் வோல்டேஜ் சரிந்து சிப் ரீசெட் ஆகும். வெளியே பார்க்கிறவருக்கு நெட்வொர்க் கோளாறு, உள்ளே பவர் கோளாறு.

எனக்கு மிகவும் பிடித்தது வால் அறுந்த செய்தி. நொடிக்கு 9600 பிட் வேகத்தில் ஒரு பைட் வெளியேற ஒரு மில்லிநொடிக்குச் சற்று மேல் ஆகும். அது முழுதாகப் போய்முடிவதற்குள் புரோகிராம் அனுப்பும் வாயை மூடிவிட்டால் கடைசி பைட் சிதையும். சரிபார்ப்பு எண் பொருந்தாது, எதிர்ப்பக்கம் செய்தியைச் சத்தமில்லாமல் எறிந்துவிடும். இரு பக்கமும் தன் மேல் குற்றமில்லை என்றே சொல்லும். ஆசிலோஸ்கோப்பில் அந்த அறுந்த நுனியைக் கண்டுபிடிப்பவரை நான் கலைஞர் என்றே சொல்வேன்.

மாரிக்குப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்கு மின்னணு வேலைக்குப் போகும் பிள்ளைகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பேச்சு நின்ற பெட்டியை உடனே அணைத்துப் போடாதீர்கள். ரீஸ்டார்ட் தடயத்தைத் துடைத்துவிடும். முதலில் ஒரு அளவாவது எடுத்து எழுதிவையுங்கள்.